பள்ளி ரிசோவா, போட்டோஸ்டேட் கடையா, ஆப்செட்டா? கோலாலம்பூரில் மாணவர் இதழ் அச்சடிக்கும் வழிகள்

இடைநிலைப்பள்ளித் தமிழ்மொழிக் கழகமோ கல்லூரி மாணவர் சங்கமோ நகரத்துப் பிரச்சினைகளைப் பற்றி ஓர் இதழ் போட முடிவெடுத்தால், முதல் கூட்டம் முழுக்கப் பெயர் வைப்பதிலேயே போய்விடும். அச்சைப் பற்றிய பேச்சு கடைசி வாரத்தில்தான் வரும். அதற்குள் பக்கங்களைத் தப்பான அளவில் கட்டியிருப்பார்கள், படங்கள் வாட்ஸ்அப்பில் நசுங்கியிருக்கும், பணம் தருவதாகச் சொன்னவர் வழவழப்புத் தாள், முழு வண்ணம், 1000 பிரதி என்று மனக்கோட்டை கட்டியிருப்பார். அந்தக் கடைசி வாரத்துக் கேள்விகளை முதல் வாரத்திலேயே கேட்டுவிடலாம் என்பதற்காக இந்த மதிப்பீடு.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மாதிரி வேண்டும். ஏ5 அளவு, 32 உள்பக்கம், 4 பக்க அட்டை, முதுகில் இரண்டு ஸ்டேப்பிள், மொத்தம் 200 பிரதி. உள்ளடக்கம்: பிபிஆர் (அரசின் மலிவு வாடகை) அடுக்குமாடி வாழ்க்கை, மஸ்ஜித் ஜாமெக்கையும் சௌகிட்டையும் ஒட்டித் தெருவில் தூங்குபவர்கள், பள்ளியைப் பாதியில் விட்ட பிள்ளைகள், பிறப்புப் பத்திரச் சிக்கலில் மாட்டிய குடும்பங்கள். இந்த இதழைக் கோலாலம்பூரில் மூன்று வழியில் அச்சடிக்கலாம்: பள்ளி அலுவலகத்து ரிசோ இயந்திரம், போட்டோஸ்டேட் கடைகளின் டிஜிட்டல் அச்சு, தொழிற்பேட்டையில் தகடு (பிளேட்) வைத்து அச்சிடும் ஆப்செட் அச்சகம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இப்படிப்பட்ட இதழுக்கு டிஜிட்டல் கடைதான் பொருத்தம், அதுவும் 200ஐயும் ஒரே நாளில் அடிக்காமல் 50, 50ஆக அடித்தால். விலை மட்டும் காரணமில்லை. பேட்டி கொடுத்த ஓர் அம்மா, அச்சான பக்கத்தைக் கண்ணால் பார்த்த பிறகுதான் “இதை எடுத்துடுங்க தம்பி, வீட்ல பிரச்சினை வரும்” என்று சொல்வார். கைப்பேசியில் மெய்ப்பைக் காட்டியபோது தலையாட்டியவரும் தாளில் தன் பேச்சைப் பார்த்ததும் பயப்படலாம். அது அவர் உரிமை. கழக அறையில் 1000 பிரதி அடுக்கிக் கிடந்தால் அவர் பேச்சுக்காக யாரும் அதைக் கிழித்துப் போட மாட்டார்கள். 50 பிரதிதான் வெளியே போயிருக்கிறது என்றால், 14ஆம் பக்கத்தை மாற்றி அடுத்த 50ஐ அடிக்கலாம். பிடிஎஃப்பாகச் சுற்றுக்கு விட்டாலோ கதை முடிந்தது. ஒரு வாட்ஸ்அப் குழுவுக்குள் போனதைத் திரும்ப வாங்க எந்த வழியும் இல்லை.

பள்ளி ரிசோவை முதலில் பார்த்துவிடலாம், ஏனென்றால் பலருக்கு அது இருப்பதே நினைவுக்கு வராது. தேர்வுத் தாள் அடிக்கும் அந்த இயந்திரத்துக்குள் மெல்லிய மாஸ்டர் தாளில் பக்கம் பொறிக்கப்பட்டு, மையுருளை சுற்றச் சுற்றப் பிரதி விழும். செலவு மாஸ்டருக்குத்தான், பிரதி கூடக் கூட ஒரு தாளின் விலை சரசரவென்று இறங்கும். ஆனால் 32 பக்கத்துக்கு எத்தனை மாஸ்டர் என்று கணக்குப் போட்டாக வேண்டும். ஏ3 இயந்திரத்தில் தாளின் ஒரு பக்கவாட்டில் (ஒரு புறத்தில்) ஏ5 பக்கம் நான்கு அடங்கும் என்பதால் 8 மாஸ்டர். ஏ4 மட்டும் ஏற்கும் இயந்திரம் என்றால் 16.

ரிசோ மை எண்ணெய் கலந்தது. டிஜிட்டல் இயந்திரத்தில் சூட்டில் உருகித் தாளோடு ஒட்டும் டோனர் பொடி போன்றதல்ல, தாளுக்குள் ஊறித்தான் காயும். முதல் பக்கவாட்டை அடித்த கையோடு திருப்பிப் போட்டால் உருளையில் ஒட்டி அடுத்த தாள்களில் கறுப்புக் கோடாக இறங்கும். ஓர் இரவு விட்டு மறுநாள் மறுபக்கம் அடிப்பது நல்லது. வழவழப்புத் தாள் ஆகவே ஆகாது. முழுக்கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வைத்தால் திட்டுத்திட்டாக வரும், வாசிப்பவர் கைவிரலும் கறுக்கும். கோட்டோவியம், கட்டுரை, வரைபடம் என்றால் ரிசோ அழகாகவே வரும். மங்கிய நடைபாதையில் எடுத்த புகைப்படங்கள் என்றால் தேறாது. இன்னொன்று, அந்த இயந்திரம் பள்ளியின் உடைமை. நேரமும் மையும் அலுவலகத்தின் தயவில் கிடைப்பவை. தேர்வு மாதத்தில் கேட்காமல் இருப்பதே மரியாதை.

டிஜிட்டல் கடைகளுக்கு வருவோம். கல்லூரிகளைச் சுற்றியும், பிரிக்ஃபீல்ட்ஸ், செந்தூல், மஸ்ஜித் இந்தியா பக்கமும் இவற்றைக் காணலாம். எல்லாவற்றையும் ஒரே கடை என்று எண்ணிவிடக் கூடாது. இரண்டு வகை உண்டு.

ஒன்று, ஆய்வேடும் அசைன்மெண்டும் அடித்துக் கட்டித் தரும் கடை. வேகமானது, இயந்திரம் நல்லது, விலை ஒழுங்கானது. ஆனால் பெரும்பாலும் அங்கே யாருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது. “கொடி” என்பது உடைந்து கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று விழுந்தாலும் அவர்களுக்கு எல்லாம் ஒரே மாதிரிதான். பக்கம் தலைகீழாகப் போனாலும் பிடிபடாது. ஒவ்வொரு பக்கத்திலும் எண்களைப் பெரிதாகப் போட்டு, ஒரு மாதிரிப் பிரதியை வீட்டு பிரிண்டரில் அடித்து மடித்து, ஸ்டேப்பிள் குத்தி கையோடு கொண்டுபோனால் இந்தத் தொல்லை பாதி குறையும். அந்த மாதிரியைப் பார்த்து அடிக்கச் சொன்னால் போதும், மொழி தேவையில்லை.

மற்றது, கல்யாண அட்டை, கோயில் திருவிழா நோட்டீஸ், கருமக்கிரியை அறிவிப்பு அடிக்கும் நம்மவர் கடை. தமிழில் பிழை இருந்தால் அண்ணனோ அக்காவோ ஒரு பார்வையில் சொல்லிவிடுவார்கள். அங்கே வேறு சிக்கல் உண்டு. பழக்க தோஷத்தில், கொடுத்த கட்டுரையைக் கோரல்டிரா வடிவமைப்பு மென்பொருளில் திரும்பத் தட்டச்சு செய்ய உட்காருவார்கள், அதுவும் யூனிகோடுக்கு முந்தைய பழைய குறியீட்டு எழுத்துருவில். 4000 சொல் மறுபடி தட்டச்சானால் புதுப் பிழை நுழையாமல் இருக்காது. பேட்டியில் “இல்லை” என்று சொன்னவர் “உண்டு” என்று சொன்னதாக அச்சேறும் ஆபத்தும் உண்டு. “எங்க பிடிஎஃப்ப அப்படியே அடிங்கண்ணே, எதையும் தொடாதீங்க” என்று முதலிலேயே சொல்ல வேண்டும். அதை ஒப்புக்கொள்ளும் கடை கிடைத்தால், மாணவர் இதழுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை.

விலை கேட்கும் முறையில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். “ஒரு புக்கு எவ்வளவு?” என்று கேட்டால் கடைக்காரர் பாதுகாப்பாக ஒரு பெரிய எண்ணைச் சொல்வார். அவர் மனக்கணக்கு வேறு விதமானது: எஸ்ஆர்ஏ3 தாளின் ஒரு பக்கவாட்டு அச்சு, கறுப்புவெள்ளையா வண்ணமா, தாளின் கனம், மடிப்பு, ஸ்டேப்பிள், மூன்று ஓர வெட்டு. அந்தக் கணக்கிலேயே நாமும் கேட்க வேண்டும். எஸ்ஆர்ஏ3 என்பது 320 × 450 மி.மீ. தாள். அதன் இருபுறமும் சேர்த்து ஏ5 பக்கம் எட்டு அடங்கும். 32 உள்பக்கத்துக்கு நான்கு தாள், எட்டுப் பக்கவாட்டு. 200 பிரதிக்கு 800 தாள், 1600 கறுப்புவெள்ளை அச்சு. அட்டை விரித்தால் ஏ4 அளவு, ஒரு தாளில் இரண்டு அட்டை அடங்கும். 100 தாள், பழுதுக்குக் கூடுதலாக ஓர் ஐந்து. இந்த எண்களை ஒரு துண்டுச்சீட்டில் எழுதி மூன்று கடையில் காட்டினால், மூன்று விலையையும் நேருக்கு நேர் ஒப்பிட முடியும்.

பக்கம் எப்போதும் நான்கின் மடங்கு. ஒரு மாணவரின் கவிதையை விட மனமில்லாமல் 33ஆம் பக்கம் சேர்த்தால் 36 பக்கத்துக்குக் காசு கட்ட வேண்டும். கவிதை மிச்சமென்றால் அட்டையின் உள்பக்கத்தில் போடுங்கள், அங்கே இடம் சும்மாதான் கிடக்கும்.

கறுப்புவெள்ளை என்று பேசி முடித்த பிறகு ரசீதில் வண்ண விலை விழுவதும் உண்டு. கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று நினைக்க வேண்டாம். கோப்பிலுள்ள கறுப்பு எழுத்து சிவப்பு, பச்சை, நீலம் கலந்த திரைக் கறுப்பாக இருந்தால் இயந்திரம் அதை வண்ண அச்சாக எண்ணிவிடும். உள்பக்கங்களைச் சாம்பல் நிறக்கோப்பாக மாற்றித் தனியாகவும், அட்டையை வண்ணத்தில் தனியாகவும், இரண்டு பிடிஎஃப்பாகக் கொடுப்பதே சரி. இரண்டிலும் பக்கங்கள் வரிசைப்படி ஒற்றை ஒற்றையாக இருக்க வேண்டும். எதிரெதிர்ப் பக்கங்களை ஜோடியாக ஒட்டிக் கொடுப்பது நல்லெண்ணத்தில் செய்யும் தப்பு. மடிப்புக்கு ஏற்ப 32ஐயும் 1ஐயும் பக்கத்தில் வைப்பதைக் கடை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். ஒட்டிய ஜோடியை அது பிரிக்கத் தெரியாமல் குழம்பும்.

தாளுக்கு 80 கிராம் சிமிலி (வழவழப்பில்லாத சாதாரண வெள்ளைத் தாள்) போதும். ஒரே குறை, பின்பக்கத்து அச்சு லேசாகத் தெரியும். ஒரு தாளின் இரண்டு புறமும் முழுப்பக்கப் புகைப்படம் வராமல் அடுக்கினால் உறுத்தாது. 100 கிராமுக்குப் போனால் அந்தக் குறையும் இல்லை, விலை கொஞ்சம் ஏறும். ஆர்ட் பேப்பர் கேட்காதீர்கள். விளக்கு வெளிச்சத்தில் மினுக்கும், படிக்கச் சிரமம். வறுமையைப் பற்றிய கட்டுரை அதில் வீட்டு மேம்பாட்டு நிறுவன விளம்பரம் மாதிரி இருக்கும். அட்டைக்கு 250 கிராம் ஆர்ட் கார்ட் சரி. ஆனால் டோனர் தாளின் மேல் படிந்திருக்கும் ஒரு படலம்; கனத்த அட்டையை அப்படியே மடித்தால் முதுகில் வெள்ளைக் கீறலாக வெடிக்கும். மடிக்கும் முன் கோடு அழுத்தச் சொல்லுங்கள், இல்லையென்றால் முதுகில் அடர்நிறமே வராதபடி அட்டையை வடிவமையுங்கள். இரண்டாவது யோசனைக்குச் செலவில்லை.

நான்கு எஸ்ஆர்ஏ3 தாளையும் பாதியாக வெட்டிக் கிடைக்கும் எட்டுத் தாளை ஒன்றுக்குள் ஒன்று மடிக்கும்போது உள்தாள்கள் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வெளியே தள்ளும். ஓரத்தை வெட்டியதும் நடுப்பக்கங்களின் வெளிவிளிம்பு மற்றவற்றைவிடக் குறுகிவிடும். பக்க எண்ணை ஓரத்தோடு ஒட்டி வைத்தவர்கள் 15, 16, 17, 18ஆம் பக்கங்களில் அது கத்தியில் போவதைப் பார்ப்பார்கள். ஓரத்திலிருந்து 10 மி.மீ. தள்ளி வைத்தால் பிரச்சினை இல்லை. விளிம்புவரை போகும் படத்துக்கு மூன்று பக்கமும் 3 மி.மீ. கூடுதல் விட வேண்டும்.

ஆப்செட்டைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. பிளேட் போட ஒரு நிலையான செலவு, அதற்குப் பிறகு பிரதி மலிவு. சில நூறு பிரதிக்குள் டிஜிட்டல் ஜெயிக்கும், ஆயிரத்தைத் தாண்டினால் ஆப்செட். புகைப்படத் தரம் மூன்றிலும் இதுதான் மேல். பள்ளி ஆண்டிதழுக்குச் சரி. திருத்தவும் திரும்பப் பெறவும் வாய்ப்பு வேண்டிய இதழுக்கு, பிளேட் போட்ட பிறகு ஒரு வரி மாற்றுவதற்குப் புது பிளேட் காசு என்ற ஒன்றே அதை ஒதுக்கிவிடப் போதும். பிளேட் செலவை ஒரு ஆதரவாளர் ஏற்றுக்கொண்டு, பின்னட்டை முழுக்கத் தன் விளம்பரம் வேண்டும் என்று கேட்டால், அவர் தொழில் என்ன என்று ஒரு முறை பாருங்கள். வட்டிக்குக் கொடுப்பவர் விளம்பரத்தோடு கடன் தொல்லை பற்றிய கட்டுரை வெளிவரக் கூடாது.

எந்தக் கடைக்குப் போனாலும் கோப்பு சரியில்லையென்றால் அச்சு சரிவராது. தமிழ் இதழின் கோப்பில் நடக்கும் கோளாறுகள் பெரும்பாலும் மென்பொருளில் தொடங்குபவை.

கேன்வா எல்லோருக்கும் தெரியும், கல்வி அமைச்சின் டெலிமா இணையக் கற்றல் தளக் கணக்கு வழியாகப் பள்ளி மாணவர்களும் அதைப் பயன்படுத்துகிறார்கள். தமிழ் எழுத்து ஒழுங்காக இணையும். ஆனால் ஒரு பெட்டியில் நிரம்பிய வரிகள் அடுத்த பக்கத்துப் பெட்டிக்குத் தானாகப் போகாது. ஐந்து பக்கக் கட்டுரையில் முதல் பக்கத்தில் இரண்டு வரி சேர்த்தால், மீதி நான்கு பக்கத்தையும் கையால் வெட்டி ஒட்டி நகர்த்த வேண்டும். இரவு பதினொரு மணிக்கு அப்படி நகர்த்தும்போதுதான் ஒரு பத்தி காணாமல் போகும். கேன்வாவை அட்டைக்கும் சுவரொட்டிக்கும் வைத்துக்கொள்ளுங்கள். இறக்கும்போது அச்சுக்கான பிடிஎஃப்பைத் தேர்ந்து, வெட்டுக்குறிக்கும் விளிம்புக் கூடுதலுக்கும் உள்ள கட்டத்தைத் தொட மறக்க வேண்டாம்.

உள்பக்கங்களுக்கு ஸ்கிரிபஸ் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள் இலவசம், பெட்டிகளைச் சங்கிலியாக இணைக்கலாம். 2024 ஜனவரியில் வந்த 1.6 பதிப்பிலிருந்து தமிழ் சரியாக வருகிறது. பள்ளிக் கணினியில் பழைய 1.4 இருந்தால் கொம்பும் காலும் சிதறும், அதை நீக்கிவிட்டுப் புதியதைப் போடுங்கள். இன்டிசைன் கிடைத்தால் அதுதான் சிறந்தது. ஆனால் பத்தி அமைப்பில் வேர்ல்ட்-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்காவிட்டால் அதிலும் தமிழ் உடையும். உடைந்ததைப் பார்த்து எழுத்துருவை மாற்றி மாற்றி மண்டையை உடைத்துக்கொள்வோர் நிறைய. கோளாறு எழுத்துருவில் இல்லை. அஃபினிட்டி பப்ளிஷர் அழகான மென்பொருள், ஆனால் அதன் 2ஆம் பதிப்புவரை தமிழ் எழுத்து இணைப்பு கிடையாது. இதெல்லாம் வேண்டாமென்றால் மைக்ரோசாப்ட் வேர்டில் ஏ5 பக்கம் அமைத்துக் கட்டினாலும் எழுத்து மட்டும் உள்ள பக்கங்கள் கௌரவமாகவே வரும்.

எழுத்துருவுக்கு நோட்டோ செரிஃப் தமிழ், நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், கட்டமரன் ஆகியவை கட்டணமின்றிக் கிடைக்கும், அச்சிடவும் தடையில்லை. உடல் எழுத்து 10 புள்ளி, வரி இடைவெளி 15 புள்ளி, சுற்றிலும் 15 மி.மீ. ஓரம் என்று வைத்தால் ஒரு ஏ5 பக்கத்தில் ஏறக்குறைய 200 சொல் பிடிக்கும். தமிழ்ச் சொல் நீளம். ஆங்கிலக் கணக்கில் இடம் ஒதுக்கினால் கட்டுரை பாதியில் நிற்கும். 32 பக்கத்துக்குப் படமும் தலைப்பும் போக 4500 சொல்தான் உங்கள் மொத்தக் கையிருப்பு. 12 மாணவர்கள் ஆளுக்கு ஆயிரம் சொல் எழுதி வந்தால் என்ன ஆகும் என்பதை எழுதத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். வரிகளை இரண்டு பக்கமும் சமமாக்காமல் இடப்பக்கம் மட்டும் ஒழுங்காக விடுங்கள். சமமாக்கினால் நீண்ட சொற்களுக்கு நடுவே ஓட்டை ஓட்டையாக வெள்ளை விழும்.

மூத்த ஆசிரியர்களும் எழுத்தாளர்களும் அனுப்பும் கட்டுரை சில சமயம் பழைய குறியீட்டில் இருக்கும். திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். அதை யூனிகோடுக்கு மாற்றியின் வழியாகக் கொண்டுவந்து, பிறகு கண்ணால் ஒரு முறை ஒப்பிட வேண்டும். “கௌரவம்” என்று எழுதுவதற்குப் பதில் கொம்பும் ளகரமும் சேர்த்து “கெளரவம்” என்று அடித்திருப்பார்கள். பார்வைக்கு ஒன்றுதான், தேடினால் சிக்காது. கடைக்குக் கொடுக்கும் முன் கடைசிப் பக்க மூலையில் “கொ கோ கௌ ணை ஸ்ரீ க்ஷ” என்று ஒரு வரி போட்டு, பிடிஎஃப்பை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். அந்த வரி சரியாக இருந்தால் மற்றதும் பெரும்பாலும் சரி. பிறகு அழித்துவிடலாம்.

படங்களில் இரண்டு ஆபத்து உண்டு. ஒன்று தரம் சம்பந்தப்பட்டது. விளிம்புக் கூடுதலோடு ஏ5 முழுப்பக்கம் 151 × 216 மி.மீ.; அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 1784 × 2551 பிக்சல் வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் நீளவாட்டில் 1600 பிக்சல் அளவுக்குச் சுருங்கிவிடும். அரைப்பக்கத்துக்குப் போதும், முழுப்பக்கத்துக்கு மங்கும். ஆவணமாக இணைத்து அனுப்பினால் சுருங்காது. பிபிஆர் நடைபாதைகள் பகலிலேயே இருட்டு, பின்னால் வெளிச்சம். டோனரில் நிழல் இன்னும் அடைத்துக்கொண்டு முகங்கள் கறுப்புக் குழியாகும். திரையில் கொஞ்சம் வெளிறித் தெரியும் அளவுக்கு நடு நிறங்களைத் தூக்கிவிட்டால் தாளில் சரியாக வரும்.

மற்ற ஆபத்து ஆளைக் காட்டிக்கொடுப்பது. இதில் அச்சுக்கடை உதவாது, மாணவர்கள்தான் கவனிக்க வேண்டும். பெயரை மாற்றிவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். கதவு கிரில்லின் வடிவம், வாசல் தோரணம், ஜன்னல் வழியே தெரியும் கட்டடம், பள்ளிச் சீருடையின் சின்னம், கம்பிக்கு வெளியே காயும் ஒரு தனி நிறப் போர்வை: அதே பிளாக்கில் வசிப்பவருக்கு இவற்றில் ஒன்று போதும், எந்த மாடி எந்த வீடு என்று சொல்லிவிடுவார். வெளியாட்களுக்குத் தெரியாமல் மறைப்பது எளிது. அண்டை வீட்டுக்காரருக்குத் தெரியாமல் மறைப்பதுதான் வேலை. கைகள், செருப்பு வரிசை, அடுப்பு, உடைந்த லிப்ட் பொத்தான் என்று எடுத்தால் கதையும் சொல்லும், ஆளையும் காட்டாது.

முகத்தின் மேல் கறுப்புப் பட்டை ஒட்டுவது பொதுவான பழக்கம். கேன்வாவிலோ வேர்டிலோ படத்துக்கு மேல் ஒரு கறுப்புக் கட்டத்தை வைத்துப் பிடிஎஃப் ஆக்கினால், அடியில் உள்ள முழுப்படம் கோப்புக்குள்ளேயே இருக்கும். கோப்பு கையில் கிடைத்தவர் கட்டத்தை நகர்த்திப் பார்த்துவிடலாம். பெயரின் மேல் பட்டை போட்டாலும் அப்படியே, இழுத்து நகலெடுத்தால் எழுத்து வந்துவிடும். படத்தைத் தனியாக ஒரு பட மென்பொருளில் திறந்து, மறைத்து, புதுப் படமாகச் சேமித்து, அந்தப் புதியதைத்தான் பக்கத்தில் வைக்க வேண்டும். பெயரை முழுவதுமாக அழித்து மாற்றுப்பெயரைத் தட்டச்சு செய்யுங்கள். படம் எடுக்கும் கைப்பேசியில் இடக்குறிப்பை அணைத்துவிடுங்கள். ஆவணமாக அனுப்பும் மூலப்படம் எடுத்த இடத்தையும் சுமந்துகொண்டு போகும். கடையிலிருந்து கிளம்பும் முன் அவர்கள் கணினியில் உங்கள் கோப்பை அழிக்கச் சொல்லிக் கேட்பதில் தப்பில்லை, பென்டிரைவிலிருந்து நேராக அடிப்பது இன்னும் நல்லது.

2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்தின் 15ஆம் பிரிவை ஆசிரியர் குழு தெரிந்துவைத்திருக்க வேண்டும். நீதிமன்ற நடவடிக்கையிலோ குற்றத்திலோ தொடர்புபட்ட, பாதிக்கப்பட்ட சிறார்களின் பெயர், முகவரி, பள்ளி, படம், அடையாளம் காட்டக்கூடிய எதையும் வெளியிடத் தடை. மாணவர் இதழுக்கு அதில் விலக்கு இல்லை. அச்சகங்கள், வெளியீடுகள் சட்டம் 1984இன்படி வெளியீட்டின் முதல் அல்லது கடைசித் தாளில் அச்சிட்டவர், வெளியிட்டவர் ஆகியோரின் பெயரும் முகவரியும் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும். தமிழ் இதழ்தானே என்று தமிழில் மட்டும் போட்டால் போதாது. அதே சட்டம் தொடர்ந்து வரும் செய்தி, கருத்து இதழ்களுக்கு உள்துறை அமைச்சின் அனுமதி கேட்கிறது. விற்காமல் இலவசமாகக் கொடுத்தாலும், ஒழுங்கற்ற இடைவெளியில் வந்தாலும் அந்த வரையறைக்குள் வரலாம். 2012 திருத்தம் ஆண்டுதோறும் புதுப்பிக்கும் தேவையைத்தான் நீக்கியது, அனுமதியை அல்ல. எனவே “மலர் 1, இதழ் 1” என்று ஆசையாக அட்டையில் போடும் முன் பள்ளி அல்லது கல்லூரி நிர்வாகத்தின் எழுத்துப்பூர்வ ஒப்புதலை வாங்கி, எந்த வகை வெளியீடாக வருகிறது என்று அவர்களோடு பேசி முடிவு செய்யுங்கள். விவரமான கடைக்காரர் அந்த வரியைப் பார்த்ததும் அனுமதி எண் கேட்பார். அவர் கேட்பது நல்லதுதான்.

உள்ளடக்கம் இந்த மதிப்பீட்டின் வேலை இல்லை, ஆனால் 4500 சொல் என்ற கட்டுப்பாடு உள்ளடக்கத்தையும் தீர்மானிக்கும். “வறுமை ஒரு கொடுமை” என்று தொடங்கும் கட்டுரைக்கு அங்கே இடமில்லை. எண்ணை வைத்துத் தொடங்குங்கள். பிபிஆர் மாத வாடகை 124 வெள்ளி. 2018இல் யுனிசெஃப் வெளியிட்ட, கோலாலம்பூர் மலிவுவிலை அடுக்குமாடிச் சிறார்கள் பற்றிய ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமில்லாமலும் 15 விழுக்காட்டினர் எடை குறைந்தும் இருந்தார்கள். வாடகை அவ்வளவு குறைவாக இருந்தும் பிள்ளைகள் தட்டில் ஏன் சோறும் முட்டைப் பொரியலும் மட்டும் என்ற கேள்வியே இரண்டு பக்கத்துக்குப் போதும். அதே ஆண்டு ஜனவரியில் பந்தாய் டாலாமில் மேல்மாடியிலிருந்து விழுந்த நாற்காலி 15 வயது மாணவனின் உயிரைப் பறித்தது. அந்தக் குடும்பத்தைத் தேடிப் போகாமலே, பழைய சாமான்களை மாடியிலிருந்து இறக்க என்ன ஏற்பாடு இருக்கிறது, லிப்ட் பழுதானால் யார் தூக்குவது என்று விசாரித்து எழுதலாம். தற்கொலை, குடும்ப வன்முறை தொடும் பக்கங்களில் தாலியான் காசே 15999, பெஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-76272929 ஆகிய உதவித் தொலைபேசி எண்களைப் பக்க அடியில் படிக்கக்கூடிய அளவில் போடுங்கள்; 6 புள்ளி எழுத்தில் ஒளித்து வைப்பதற்குப் போடாமலே இருக்கலாம்.

கடைக்குப் போகும் நாளைத் தேர்வதிலும் விவரம் உண்டு. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் நம்மவர் கடைகளில் அழைப்பிதழும் மலரும் குவியும். கல்லூரிப் பருவக் கடைசியில் ஆய்வேடு கட்டும் கடைகளில் வரிசை நிற்கும். ஆண்டிறுதியில் நாட்காட்டி வேலை. இவற்றைத் தவிர்த்து ஒரு செவ்வாயோ புதனோ காலையில் போனால் கடைக்காரரும் நின்று பேசுவார். 50ஐயும் அடிக்கும் முன் ஒரே ஒரு பிரதியை முழுதாக அடித்து, மடித்து, வெட்டி வாங்குங்கள். அதை மூன்று பேர் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்: ஒருவர் பக்க எண்களை மட்டும், ஒருவர் படங்களை மட்டும், ஒருவர் மேற்கோள் குறிக்குள் இருப்பதை மட்டும் ஒலிப்பதிவோடு வைத்து. ஒருவரே எல்லாவற்றையும் பார்த்தால் கதையைப் படிக்கத் தொடங்கிவிடுவார், பிழை கண்ணில் படாது. சரியென்றால் அந்தப் பிரதியில் கையெழுத்தும் தேதியும் போட்டுக் கடையில் ஒன்று, உங்களிடம் ஒரு நகல். பின்னால் நிறம் மங்கினாலும் ஸ்டேப்பிள் விலகினாலும் பேச அதுதான் ஆதாரம்.

முதல் 50 வந்ததும் பின்னட்டையில் பென்சிலால் எண் போடுங்கள், யாரிடம் எது போனது என்று ஒரு தாளில் குறியுங்கள். முதல் பத்து பிரதிகள் பேட்டி கொடுத்தவர்கள் வீட்டுக்கு, எழுதிய மாணவர்கள் கையாலேயே, லிப்ட் ஓடினாலும் ஓடாவிட்டாலும். ஒரு வாரம் காத்திருங்கள். திருத்தம் கேட்டவர் பக்கத்தை மாற்றி, புதுப் பிடிஎஃப்புக்குப் புதுத் தேதியில் பெயர் வைத்து, பழைய கோப்பைக் கடைக்குக் கொண்டுபோகும் பென்டிரைவிலிருந்து நீக்கிவிட்டு அடுத்த 50க்கு ஆர்டர் கொடுங்கள்.